மௌனத்துக்கு உரை எழுதிய பல் டாக்டர்

பல் டாக்டருக்கு வாய் ஓயாது. அது தொழில் கொடுத்த கெடுதல். எதிரில் இருப்பவர் கன்னத்தில் பஞ்சும் நாக்கின்மேல் கண்ணாடியுமாக வாயைப் பிளந்துகொண்டு கிடந்தால் பேச்சு ஒரு பக்கமாகத்தானே ஓடும்? "பையன் என்ன படிக்கிறான்?" என்று கேட்பார். "ஆ..." என்று வரும். "இன்ஜினியரிங்கா? பேஷ். ஆனா கணக்குல கொஞ்சம் மட்டம், இல்லையா?" "ஆ!" "அதான் பாத்தேன்." இப்படியே ஊரில் பாதிப் பேருடைய குடும்ப விவகாரங்களை அவர்களுக்குப் பதிலாக இவரே சொல்லி முடித்திருந்தார்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவி யார் தெரியுமா? ஒருவருக்காக இன்னொருவர் பேசக் கூடாது என்று புத்தகம் புத்தகமாக எழுதி, கடல் தாண்டிய பல்கலைக்கழகங்களையெல்லாம் திரும்பிப் பார்க்கவைத்த பேராசிரியர். முடிச்சுப் போட்டவனுக்குக் குசும்பு அதிகம்.

பேராசிரியர் பள்ளிக்கூடத்தில் படித்த நாளில் அன்னிய ஆட்சி மூட்டை கட்டிக்கொண்டு போய்க் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. துரைமார் போனார்களே தவிர அவர்களுடைய பாடப்புத்தகம் போகவில்லை. ஒரு துரை குடும்பத்தின் காதலும் கண்ணீருமாகத் தடித்த நாவல் ஒன்று பாடமாக இருந்தது. அதில் ஓர் ஆள் அடிக்கடி வந்து மேஜைமேல் தண்ணீர் வைத்துவிட்டுப் போவான். பெயர் கிடையாது, ஒரு வார்த்தை பேசமாட்டான். கதாநாயகியின் குணநலன்களை விவரி என்று பரீட்சையில் கேட்டதற்கு, இந்தப் பெண் அந்தத் தண்ணீர்க்காரனைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டாள். இவன் ஏன் பேசவில்லை? பேச ஒன்றும் இல்லையா, இல்லை, எழுதியவருக்குக் காது கேட்கவில்லையா? வாத்தியார் முட்டை போட்டார். அந்த முட்டைதான் பின்னால் பேராசிரியருடைய முதல் புத்தகமாகக் குஞ்சு பொரித்தது.

புத்தகத்தின் சாரத்தைப் படிக்காதவர்களும் சொல்லுவார்கள். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று முதலில் சொன்னவன் எவனோ, அவன் நிச்சயம் பேசிக்கொண்டிருந்தவன்தான். பேசாமல் இருந்தவனை அவன் கேட்கவே இல்லை. மௌனம் தானாக வருவதில்லை, அது ஓர் ஏற்பாடு. ஆகவே மௌனமாக இருப்பவனைப் பார்த்ததும் அவன் மனதில் இருப்பது இதுதான் என்று அளக்காதே. அவன் எதிரில் யார் எப்படி உட்கார்ந்திருக்கிறான் என்று முதலில் பார். இதைச் சொல்லிச் சொல்லியே, யார் எதைப் பேசினாலும் "இது யார் சொன்னது?" என்று மடக்கும் பழக்கம் அவருக்கு வந்துவிட்டது. மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயரும் 'யார்சொன்னது அம்மா'தான்.

ஊருக்குத்தான் உபதேசம் என்று இருப்பவர் அல்ல அவர். வீட்டிலும் அதே சட்டம். கல்யாணமான முதல் வாரமே, "நீங்க என்னை நீன்னா நானும் உங்களை நீன்னு சொல்வேன்" என்றார். தன் அம்மா மயக்கம் போட்டு விழுந்துவிடுவாளே என்று பயந்து, ரெண்டு பேருமே 'நீங்க' என்று டாக்டர் சமாதானம் பேசி முடித்தார். மகள் தவழ்கிற குழந்தையாக இருந்தபோது பக்கத்து வீட்டுக்காரி கொஞ்சலாக, "பாப்பா பேர் என்ன?" என்று கேட்டாளாம். பேராசிரியர் குழந்தையைப் பார்த்து, "உன்னைத்தான் கேக்கறாங்க" என்று சொல்லிவிட்டுச் சும்மா நின்றாராம். பக்கத்து வீட்டுக்காரி ரொம்ப நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, அடுப்பில் வேலை இருக்கிறது என்று போய்விட்டாள்.

டாக்டரின் கிளினிக்குக்கு ஒரே ஒரு தடவை வந்து, ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார் பேராசிரியர். வீட்டுக்கு வந்ததும், "நீங்க நடத்தறது கிளினிக் இல்ல, காலனி ஆட்சி" என்றார். டாக்டருக்குக் கோபம் வரவில்லை. மனைவியின் புத்தகங்களில் ஒன்றையாவது முழுசாகப் படித்துவிட வேண்டும் என்று அவர் பலமுறை முயன்றிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அதே முன்னுரையில், அதே பத்தியில் கண் சொருகிவிடும். ஆனால் எங்கே போனாலும் "நம்ம வீட்டம்மா பெரிய அறிவாளி" என்று சொல்லி மார்தட்டாமல் திரும்பமாட்டார்.

அந்தப் பேராசிரியருக்குத்தான் தொண்டையில் கட்டி வந்தது. ஆபரேஷன் செய்த தொண்டை டாக்டரம்மா கண்டிப்பானவர். "ஆறு வாரம் ஒரு சத்தம் வரக் கூடாது. கிசுகிசுகூடக் கூடாது. குரல் திரும்பி வரும்னுதான் நினைக்கிறேன். எப்படி வரும்னு இப்ப சொல்ல முடியாது" என்றார். பல் டாக்டரும் ஒரு வைத்தியர் அல்லவா, இதெல்லாம் வழக்கமாகச் சொல்வதுதான் என்று தலையாட்டிவிட்டு வந்தார்.

மகள் சின்ன வயதில் எழுதிய சிலேட்டைப் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தார். பேராசிரியர் சிலேட்டிலும் பேராசிரியராகவே இருந்தார். 'காபி* வேண்டும்' என்று எழுதி, அடியில் கோடு போட்டு, '*இன்று காலை வந்ததைப் போல் அல்லாமல்' என்று அடிக்குறிப்பும் சேர்ப்பார்.

கெட்ட நேரம் தனியாக வராது என்பார்கள். இந்த ஆறு வாரத்துக்குள்தான் பல்கலைக்கழக ஆட்சிக்குழு ஒரு கூட்டம் வைத்தது. பேராசிரியர் ஒண்டி ஆளாக நின்று உண்டாக்கிய ஒப்பிலக்கியத் துறையை மூடி, பேச்சுத்திறன் பயிற்சி மையத்தோடு இணைத்துவிடுவதாகத் திட்டம். நேர்முகத் தேர்வில் எப்படிக் கை குலுக்குவது என்று சொல்லித்தரும் இடம் அது. பத்து நிமிஷம் பேசிக்கொள்ளலாம் என்று பேராசிரியருக்கு அழைப்பு வந்தது. பேச முடியாது, தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டதற்கு, "வேற யாரையாவது விட்டுப் பேசச் சொல்லலாமே" என்றார் பதிவாளர்.

பேராசிரியர் எழுதிவைத்த உரையைப் படிக்க மாணவர்கள் வரிசையில் நின்றார்கள். ஒருவன் உரையைத் தன் ஆராய்ச்சியோடு சேர்த்துப் படிப்பதாகச் சொன்னான். இன்னொருத்தி, அம்மா சொல்ல வருவதை அம்மாவைவிடத் தெளிவாகச் சொல்வதாகச் சொன்னாள். பேராசிரியர் எல்லோரையும் அனுப்பிவிட்டுச் சிலேட்டை எடுத்துக் கணவர் முன்னால் நீட்டினார். 'நீங்கள் வாசியுங்கள். என் புத்தகம் எதையும் நீங்கள் படித்ததில்லை. அதுதான் தகுதி.'

டாக்டருக்குப் பெருமையாகவும் இருந்தது, சுருக்கென்றும் இருந்தது. பேராசிரியர் துடைத்துவிட்டு மறுபடி எழுதினார். 'ஒரு சொல் கூட்டக் கூடாது. ஒரு சொல் குறைக்கக் கூடாது. எனக்காகப் பேசக் கூடாது.'

"சத்தியமா மாட்டேன்" என்றார் டாக்டர்.

கூட்ட அறையில் நீள மேஜை. நடுவில் துணைவேந்தர், பக்கத்தில் பதிவாளர், சுற்றிலும் பிஸ்கட் தட்டை விட்டுக் கண்ணெடுக்காத ஆட்சிக்குழு உறுப்பினர்கள். துணைவேந்தர் டாக்டரைப் பார்த்ததும் தன்னை அறியாமல் கன்னத்தைத் தடவிக்கொண்டார். போன மாதம்தான் அவருக்கு ஒரு கடைவாய்ப்பல் டாக்டர் கையால் போயிருந்தது.

"வாங்க டாக்டர். அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கு?" என்றார் துணைவேந்தர்.

"பக்கத்துலதான் இருக்காங்க, கேளுங்க" என்றார் டாக்டர்.

"பேச முடியாதேன்னு..."

"காது நல்லாக் கேக்கும்."

துணைவேந்தர் பேராசிரியர் பக்கம் திரும்பி, குழந்தையிடம் பேசுவதுபோல் உரத்த குரலில், "ஏசி குளிருதாம்மா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு டாக்டரைப் பார்த்தார். டாக்டர் கூரையைப் பார்த்தார். இத்தனை காலம் அந்த வீட்டில் குடித்தனம் செய்தவருக்கு அந்த அளவுக்காவது பயிற்சி இருக்காதா?

பிறகு உரையைப் படித்தார். சத்தியம் செய்து கொடுத்திருக்கிறாரே, ஒரு சொல் விடவில்லை. "மௌனம் என்பது குரலின் இன்மை அன்று, கேட்பின் இன்மை. இங்கே நிறுத்தி எல்லோரையும் பார்க்கவும்" என்று படித்துவிட்டு நிறுத்தி எல்லோரையும் பார்த்தார். "இங்கே தண்ணீர் குடிக்கவும்" என்று படித்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். ஒரு உறுப்பினர் சிரிப்பை அடக்க பிஸ்கட்டைக் கடித்தார். பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். உரை நல்ல உரைதான். ஆனால் வாக்கியம் ஒவ்வொன்றும் கிளம்பி, நாலு தெரு சுற்றிவிட்டுத்தான் வீடு வந்து சேர்ந்தது. முடிவதற்குள் இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள்.

"அருமை, அருமை" என்றார் துணைவேந்தர். "அம்மாவோட சேவையை நாங்க மறக்கவே மாட்டோம். துறையை மையத்தோட இணைக்கறோம். புதுக் கட்டடத்துல ஒரு அறைக்கு அம்மா பேரையே வைக்கறோம். பெரிய பலகை. சரிதானேம்மா?"

பேராசிரியர் தலையை அழுத்தமாக இரண்டு பக்கமும் ஆட்டினார்.

"பாத்தீங்களா? பேரெல்லாம் வேண்டாங்கறாங்க. என்ன ஒரு அடக்கம்!" என்றார் துணைவேந்தர்.

பேராசிரியர் மேஜையை ஓங்கித் தட்டினார்.

"உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க" என்றார் பதிவாளர் உருக்கமாக.

பேராசிரியர் சிலேட்டை இழுத்து எழுதத் தொடங்கினார். பாதி எழுதி, பிடிக்காமல் துடைத்தார். மறுபடி எழுதினார். மறுபடி துடைத்தார். டாக்டருக்குத் தெரியும், அவர் ஒரு வாக்கியத்தை ஒரே தடவையில் ஒப்புக்கொண்டதாகச் சரித்திரமே இல்லை. "கொஞ்சம் இருங்க, எழுதறாங்க" என்றார் டாக்டர்.

"நேரம் ஆச்சு டாக்டர். அடுத்து சைக்கிள் கொட்டகைக்குக் கூரை போடற விஷயம் இருக்கு." துணைவேந்தர் சிரித்துக்கொண்டே சுற்றிலும் பார்த்தார். "மௌனம் சம்மதம்னு எடுத்துக்கலாம், இல்லையா?"

பதிவாளரின் பேனா காகிதத்தைத் தொட்டது. டாக்டர் பேனாவைப் பார்த்தார், மனைவியின் சாக்பீஸைப் பார்த்தார். சாக்பீஸ் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் எழுந்துவிட்டார்.

"அவங்களுக்குச் சம்மதம் இல்லை!"

அத்தோடு உட்கார்ந்திருந்தால் பரவாயில்லை. திறந்த வாய் மூடவேண்டுமே! "சார், போன மாசம் என் நாற்காலியில உக்காந்தீங்களே, ஞாபகம் இருக்கா? ஊசி போட்டுட்டு, வலிக்கலையேன்னு கேட்டேன். நீங்க 'ஆ'ன்னீங்க. சரி, வலிக்கலைன்னு நானே சொல்லிட்டுப் பல்லைப் பிடுங்கிட்டேன். இப்ப சொல்லுங்க, வலிச்சுதா, இல்லையா?"

"வலிச்சுதுய்யா!" என்றார் துணைவேந்தர். அது அவருடைய அடிவயிற்றிலிருந்து வந்தது.

"அப்ப அந்த 'ஆ' சம்மதமா?"

தூங்கிக்கொண்டிருந்த இருவரும் எழுந்துவிட்டார்கள். மேஜை முழுக்கச் சிரிப்பு. "வலிக்கலைன்னு டாக்டர் சொல்லக் கூடாது சார். பல் யாருதோ அவங்கதான் சொல்லணும். இதைத்தான் இவங்க இத்தனை புத்தகத்துல எழுதியிருக்காங்க!" என்று ஒரு போடு போட்டார் டாக்டர். யாரோ கை தட்டினார்கள். துணைவேந்தரும் சிரித்துவிட்டு, பேராசிரியர் குணமாகி வந்து தாமே பேசும்வரை துறையைத் தொடுவதில்லை என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்.

டாக்டர் வெற்றி வீரராக மனைவி பக்கம் திரும்பினார். பேராசிரியர் இரண்டு கையாலும் சிலேட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அதில் பெரிய எழுத்தில் ஒரே ஒரு சொல்.

'சம்மதமில்லை.'

எவ்வளவு நேரமாகத் தூக்கிப் பிடித்திருந்தாரோ! அறையில் ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை. எல்லோரும் டாக்டரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் ஒரு மூச்சு பொறுத்திருந்தால் போதும், அந்தச் சொல்லை அவரே சொல்லியிருப்பார். டாக்டர் மெல்ல உட்கார்ந்தார். பேராசிரியர் சிலேட்டை மெதுவாக இறக்கி, புடவைத் தலைப்பால் துடைத்தார்.

மறுநாள் பத்திரிகையில் பேராசிரியரின் படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் போட்டிருந்தான்: 'வலிக்கவில்லை என்று மருத்துவர் சொல்லக் கூடாது, பல் யாருடையதோ அவர்தான் சொல்ல வேண்டும் — பேராசிரியர் முழக்கம்.' முழங்கினாராம், தொண்டையில் தையலோடு! இரண்டு வாரத்துக்குள் அது கடல் தாண்டிவிட்டது. வெளிநாட்டிலிருந்து மகள் போன் செய்து, "அப்பா, அம்மாவோட புது வரியை எங்க காலேஜ்ல சட்டையில அச்சடிச்சு விக்கறாங்க" என்றாள். வாழ்நாள் முழுக்க எழுதிய புத்தகங்களில் ஒரு வரிக்குக்கூட இந்தப் பேர் கிடைத்ததில்லை.

பேராசிரியர் பத்திரிகையைப் படித்தார். சிலேட்டில் எழுதிக் காட்டினார். 'உங்கள் வாக்கியத்திலும் நாற்காலி உங்களுடையதுதான். பிடுங்குவதா வேண்டாமா என்று நோயாளியைக் கேட்பதும் நீங்கள்தான், கேட்காமல் விடுவதும் நீங்கள்தான்.' டாக்டர் அதை மூன்று தடவை படித்தார். பல்லைப் பற்றித் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று இருந்த மனிதர் அவர்.

அதற்குப் பிறகு பேராசிரியர் அவருக்கு எதுவுமே எழுதவில்லை. வேலைக்கு வரும் அம்மாவுக்குக் காய்கறி எழுதிக் கொடுத்தார். மகளுக்குச் செல்போனில் தட்டினார். டாக்டர் வந்து நின்றால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்டர் காபி போட்டுக் கொடுத்தார், குடித்தார். மோசமாகப் போட்டுக் கொடுத்தார், அதையும் குடித்தார். ஒரு அடிக்குறிப்புகூட வரவில்லை.

இது வைத்தியர் சொன்ன மௌனமா, தன்மேல் உள்ள கோபத்தின் மௌனமா? அந்தச் சந்தேகம் ஒரு நாளைக்குத்தான் இருந்தது. கோபம்தான் என்று டாக்டர் தீர்மானித்துவிட்டார். தீர்மானித்த பிறகு ஒவ்வொன்றும் அதற்குச் சாட்சியாக வந்து நின்றது. கதவு சாத்திய விதத்தில் கோபம். தலையணையைத் தள்ளிப் போட்டதில் கோபம். எதிர் வீட்டுக் குழந்தை பாடுகிற சத்தம் கேட்டதும் எழுந்து உள்ளே போனதில்கூடக் கோபம்தான்.

கிளினிக்கில் பாவத்துக்குப் பரிகாரம் தேடினார். ஒரு கேள்வி கேட்டால் பஞ்சை எடுத்து, வாய் கொப்பளிக்கச் சொல்லி, பதில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு பல் அடைப்பதற்குள் மத்தியானம் ஆனது. "பழையபடி நீங்களே பேசிக்கங்க டாக்டர், எங்களுக்குப் பிழைப்பு இருக்கு" என்று ஒரு கிழவர் கும்பிட்டே கேட்டார்.

ஆறு வாரம் முடிந்தது. தொண்டை டாக்டரம்மா குழாயை விட்டுப் பார்த்து, ஆறிவிட்டது என்றார். பிறகு, வழக்கம்போல, பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். "வீட்ல பேசினாங்களா சார்? ஒரு வார்த்தையாவது?"

டாக்டர் மனைவியைப் பார்த்தார்.

"சார், உங்களைத்தான் கேக்கறேன்."

"அவங்களையே கேளுங்க" என்றார் டாக்டர், தரையைப் பார்த்து.

"சரி. அம்மா, பேசுங்க. எதுவா இருந்தாலும் சரி."

பேராசிரியர் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றார். நாற்காலியின் கையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயின. டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். என்னைத் திட்டியாவது குரல் வரட்டும், எத்தனை திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன் என்று வேண்டிக்கொண்டார்.

மூன்றாவது முறை ஒரு குரல் வந்தது. பழைய மணிக்குரல் இல்லை. கரகரவென்று, இரண்டு சுருதி இறங்கி, யாரோ புதியவர் பேசுவதுபோல் இருந்தது.

"நீங்களே... சொல்லுங்க."

டாக்டர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். நிஜமாகவா என்பதுபோல் பார்த்தார். பேராசிரியர் தலையசைத்தார்.

"ஒரு வார்த்தை பேசலை டாக்டர்" என்று டாக்டரம்மாவிடம் தொடங்கினார் பல் டாக்டர். அணை உடைந்துவிட்டது. "எழுதக்கூட இல்லை. எல்லாம் என்மேல உள்ள கோவம். அவங்க பேச வேண்டியதை நான் முந்திக்கிட்டுப் பேசிட்டேன். அந்தக் கோவத்துலதான் இத்தனை நாளா என் மூஞ்சியைப் பாக்கலை..."

"தப்பு" என்றது அந்தக் கரகரத்த குரல்.

டாக்டர் நிறுத்தினார்.

"கோவம் ரெண்டு நாள்தான்." பேராசிரியர் எச்சில் விழுங்கிக்கொண்டார். "அப்புறம் பயம். குரல் வராதோன்னு. எழுதினா நிஜமாயிடும்னு... எழுதலை."

டாக்டருக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஒரே வீட்டில், ஒரே கூரைக்குக் கீழே, மனைவி பயத்தால் ஒடுங்கி உட்கார்ந்திருக்க, அதற்கும் தன் பெயரையே எழுதி ஒட்டியிருக்கிறாரே! நாற்காலியின் கையிலிருந்து அவருடைய விரல்களை மெல்ல எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். சில்லென்று இருந்தன.

"இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

பதில் வர நேரம் பிடித்தது. டாக்டர் காத்திருந்தார்.